இரவல் குரல்

நூல் என்பது தன்னில் உள்ளதைத் தன்னிடமே வைத்திருப்பது. இதைச் சொல்லவும் ஒரு கட்டுரை வேண்டுமா என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். ஏனெனில் இன்று நம்மவர் பலர் மகிழ்ச்சியோடு வெளியிட்டு, அதைவிட மகிழ்ச்சியோடு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் மின்னூல்களில் ஒரு பகுதி, நூலின் தோற்றம் மட்டுமே உடையவை. உள்ளே இருப்பதுபோல் தோன்றும் ஒலியும் ஒளியும் உள்ளே இல்லை. யாருடைய கிடங்கிலோ, எந்த நாட்டிலோ இருக்கின்றன.

இது நமக்கு ஏட்டறிவாக வந்ததன்று. பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையை ஒட்டிய ஓர் ஊரின் மாலை மக்தபுக்கு, அரபு எழுத்துகளின் உச்சரிப்பைக் கற்பிக்கும் மின்னூல் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தது. அழகிய நூல். ஒவ்வோர் எழுத்தின் பக்கத்திலும் ஒரு சிறு பொத்தான். தொட்டால் தேர்ந்த காரீ ஒருவரின் குரல் அவ்வெழுத்தை உரிய இடத்திலிருந்து எடுத்து ஒலிக்கும். பிள்ளைகள் அதை ஓயாமல் தொட்டுத் தொட்டுக் கேட்டனர். நாமும் மகிழ்ந்து, வீட்டிலும் கேட்குமாறு பெற்றோரின் கைப்பேசிகளிலெல்லாம் ஏற்றிக் கொடுத்தோம். வளைகுடாவில் உழைக்கும் தந்தையர் சிலர் அதை அங்கே இறக்கிக்கொண்டு, இரவில் பிள்ளையோடு சேர்ந்து ஓதியதாகச் சொன்னதும் உண்டு. ஏறத்தாழ இரண்டாண்டுகள் சென்றபின் ஒருநாள் பொத்தான்கள் அத்தனையும் ஊமையாயின.

கைப்பேசி பழுதென்று முதலில் நினைத்தோம். பல கைப்பேசிகளில் பார்த்தும் அதே மௌனம். பிறகுதான் விளங்கிற்று: அந்தக் குரல் ஒருநாளும் நூலுக்குள் இருந்ததில்லை. இலவசமாக இடம் தந்த ஏதோ ஒரு கிடங்கில் அதை ஏற்றி வைத்து, நூலில் முகவரியை மட்டும் எழுதியிருந்தனர். கிடங்கு கதவை மூடிற்று. வெளியிட்டவர்களுக்கு எழுதினோம். புதிய முகவரியோடு வேறு கோப்பு ஒன்றை விரைவில் அனுப்புவதாக மறுமொழி வந்தது. கோப்பு வரவில்லை.

அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றில் ஓதிக்கொடுக்கும் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அவருடைய ஊரில் அலைபேசிக் கோபுரத்தின் அருள் குறைவு. அந்நூல் அங்கே என்றுமே பேசியதில்லையாம். தமக்கு அதை இயக்கத் தெரியவில்லை என்றே அவர் அதுவரை எண்ணியிருந்தார்.

இதிலென்ன பெருங்கேடு என்று கேட்பாருக்கு ஒன்று சொல்வோம். ஒலி போனபின் நூலில் எஞ்சியது தமிழெழுத்தில் தந்திருந்த பெயர்ப்பு. தமிழில் ‘ஸ’ என்று ஓரெழுத்தை எழுதினால், அது ஸீனா, ஸாதா, ஸே என்பதை யார் அறிவார்? ‘அ’ என்பது அலிஃபா, ஐனா? அரபியில் கல்பு என்றால் இதயம். கல்பு என்றால் நாய். முன்னது காஃப் என்னும் அடித்தொண்டை எழுத்தில் தொடங்குகிறது, பின்னது மெல்லிய காஃபில். தமிழ் வரிவடிவத்தில் இரண்டும் ஒன்றே. குரல் போய் எழுத்து மட்டும் நின்ற அந்த மாதங்களில் வீட்டில் அந்நூலை வைத்து ஓதிய பிள்ளைகள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு வந்தனர். நாவில் ஏறிய பிழையை இறக்குவது புதிதாக ஏற்றுவதைவிடக் கடினம் என்பதை ஓதிக்கொடுத்தவர் அறிவர்.

இனி, இஃது எவ்வாறு நேர்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். ஈபப் எனப்படும் மின்னூல் வடிவம் உண்மையில் ஒரு பொட்டலம். பக்கங்கள், படங்கள், எழுத்துருக்கள், ஒலிகள் ஆகியவற்றை ஒரே கட்டாகக் கட்டி, உள்ளே இருப்பன இவை என்று ஒரு பட்டியலும் வைத்து ஒரே கோப்பாக ஆக்குவது. கலியாண வீட்டுச் சீர்வரிசைக்குப் பட்டியல் எழுதுவது போலத்தான். 2011இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு ஒலிக்கும் ஒளிக்காட்சிக்கும் ஒரு சலுகை தந்தது. படங்கள் கட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆனால் ஒலி, ஒளிக்காட்சி முதலியன வெளியே இணையத்தில் இருந்தாலும் பட்டியலில் இடம்பெறலாம். உலகளாவிய வலைச் சங்கம் 2023 மே மாதம் ஏற்றுக்கொண்ட 3.3 பதிப்பிலும் இச்சலுகை நீடிக்கிறது. ஒளிக்காட்சியின் கனம் கருதித் தந்த சலுகை அது. நம்மவரோ சில நொடி நீளமுள்ள ஓர் எழுத்தின் ஓசைக்கும் அதைப் பயன்படுத்திக்கொள்கின்றனர். சீர்வரிசைப் பட்டியலில் பீரோ என்று எழுதிவிட்டு, அது பக்கத்து வீட்டில் இருக்கிறது, வேண்டும்போது போய்த் திறந்துகொள்ளுங்கள் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மத்ரஸாவில் ஃபிக்ஹு ஓதியவருக்கு இது புதிய மஸ்அலா அன்று. இரவலுக்கு ஆரியத் என்று பெயர். இரவல் தந்தவர் விரும்பியபோது திரும்பப் பெறலாம். பெற்றவருக்கு அதில் உடைமை இல்லை. வக்ஃபுக்கோ அர்ப்பணிப்பவரின் உடைமை வேண்டும், நிலைபேறும் வேண்டும். இரவல் வாங்கிய பாயைப் பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்ய எந்த ஆலிமும் இடம் தரமாட்டார். அப்படியிருக்க, ‘இந்நூல் சமுதாயத்துக்கு வக்ஃபு’ என்று முதற்பக்கத்தில் பொறித்துவிட்டு, அதன் உயிரான ஒலியை அயலான் கிடங்கில் வைத்திருப்பவரிடம் நாம் கேட்கிறோம்: எதை ஐயா வக்ஃபு செய்தீர்கள்? முகவரியையா?

நம் முன்னோர் இந்த இடரை அறியாதவர்கள் அல்லர். ஒரு நூலுக்கு உதவியாக இன்னொரு நூல் வேண்டியபோது அவர்கள் செய்ததைப் பழைய கிதாபுகளைத் திறந்தவர் அறிவர். நடுவே மத்னு. அதைச் சூழ்ந்து ஷரஹு. ஓரத்தில், சில வேளை சாய்ந்த வரிகளில், ஹாஷியா. லக்னோவில் 1858இல் தொடங்கிய நவல் கிஷோர் அச்சகம் போன்ற கல்லச்சுக்கூடங்கள் வெளியிட்ட கிதாபுகள் இவ்வமைப்பைப் போற்றி வந்தன. ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று நூல்கள். வெள்ளையிடம் விடாமல் எழுத்தைத் திணித்திருக்கிறார்களே என்று நாம் இளமையில் சலித்துக்கொண்டதுண்டு. இப்போது அதன் அறிவு புலப்படுகிறது. மலைப்பகுதி மத்ரஸாவில் ஒரே ஒரு பிரதியோடு உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு ஷரஹு எங்கே கிடைக்கும்? எனவே அதை அவன் கண்ணெதிரிலேயே வைத்தனர். ‘விளக்கத்துக்கு லக்னோவுக்கு வருக’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பவில்லை.

இணையத்தில் ஏற்றியது என்றும் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே உலவுகிறது. ஒருவர் மறைக்க விரும்பும் புகைப்படத்துக்கு அது பொருந்தலாம். நாம் காக்க விரும்பும் நூலுக்குப் பொருந்தவில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை. ஹார்வர்டு அறிஞர்கள் 2013இல் ஆராய்ந்தபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சான்றாகக் காட்டியிருந்த இணைய முகவரிகளில் ஏறத்தாழப் பாதி, முதலில் சுட்டிய செய்தியைத் தரவில்லை. நீதிபதிகளின் சான்றுக்கே இந்த நிலை. மைஸ்பேஸ் என்னும் பெருந்தளம், தன்னிடம் பன்னிரண்டு ஆண்டுகளாக மக்கள் ஏற்றிவைத்த பாடல்கள் இடமாற்றத்தின்போது அழிந்தன என்பதை 2019இல் ஒப்புக்கொண்டது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது; டிக்டாக் அவற்றுள் ஒன்று. அந்தத் தடையின் நன்மை தீமை பற்றி இங்கே பேச வரவில்லை. அதிலிருந்த காட்சிகளை நம்பிய பாடமோ நூலோ எதுவாயினும் ஒரே இரவில் இந்நாட்டில் குருடாயிற்று என்பதே செய்தி. காஷ்மீரில் 2019 ஆகஸ்டு முதல் பல மாதங்கள் இணையமே இல்லை. அங்கே உள்ளடக்கம் முழுவதையும் தன்னகத்தே கொண்ட நூல் மட்டுமே நூலாயிருந்திருக்கும்.

மறைந்துபோவது ஒரு கேடு என்றால், மாறிப்போவது அதனினும் பெரிது. 2015இல் ஜெர்மனியில் ஒருவர் ஹைன்ஸ் நிறுவனத்தின் தக்காளிச் சாற்றுப் புட்டியில் இருந்த கியூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியால் காட்டினார். வந்தது ஆபாசத் தளம். முடிந்துபோன ஒரு போட்டிக்காக நிறுவனம் வாங்கியிருந்த தளப்பெயர் காலாவதியாகி, வேறொருவர் கைக்குப் போயிருந்தது. புட்டியோ அடுக்களையில் அப்படியே இருந்தது. 2024இல் இன்னொன்று நடந்தது. இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் நம்பிக்கையோடு சுட்டிக்கொண்டிருந்த பாலிஃபில் என்னும் முகவரி கைமாறியது. புதியவர்கள் அதன் வழியே நச்சு நிரலை அனுப்பினர். அந்தத் தளங்களை நடத்தியவர்கள் தங்கள் பக்கத்தில் ஓரெழுத்தையும் மாற்றவில்லை. குற்றம் முகவரியை நம்பியதே. தக்காளிச் சாற்றுப் புட்டியின் இடத்தில் குழந்தைகளின் தொழுகை நூலை வைத்து எண்ணிப் பார்க்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். பத்தாண்டு கழித்து அந்த முகவரியை யார் ஆள்வர் என்று நூலாசிரியரால் உறுதி கூற இயலுமா?

அவ்வளவு தூரம் போவானேன்? யூடியூபில் உள்ள காட்சியை நூலில் பொருத்திவிட்டால், பாடத்துக்கு முன் விளம்பரம் வரலாம். பாடம் முடிந்ததும் அடுத்து இதைப் பாருங்கள் என்று நாலு காட்சிகள் வரிசையில் நிற்கும். கிராஅத் கேட்க உட்கார்ந்த பிள்ளை எதைக் கேட்டு எழுகிறது என்று ஒரு மாலை பக்கத்தில் அமர்ந்து பார்த்தால் தெரியும். ஆசிரியர் எழுதாத பக்கங்கள் அவர் பெயரில் திறந்துகொண்டே போகின்றன.

வாசிப்பவரின் தனிமையும் இதில் அடங்கியுள்ளது. வெளிக்கிடங்கில் உள்ள ஒலியை நூல் கேட்டு வாங்கும் ஒவ்வொரு முறையும், எந்த இணைப்பிலிருந்து, எந்த நேரத்தில், எந்தப் பகுதியைக் கேட்டார் என்பது கிடங்குக்காரருக்குத் தெரிகிறது. அடோபி நிறுவனத்தின் மின்னூல் வாசிப்பான் ஒன்று, வாசகர் திறந்த நூலையும் புரட்டிய பக்கங்களையும் மறைப்பு ஏதுமின்றித் தன் கிடங்குக்கு அனுப்பியது 2014இல் வெளிப்பட்டு, நூலகர்கள் கொதித்தெழுந்தனர். குமுதாயச் சிக்கலோ குடும்பச் சிக்கலோ பற்றி இரவில் தனியே ஒரு நூலைப் படிக்கும் பெண்மணிக்கு, தம்மை யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதியைத் தருவது நூலின் பண்புகளில் ஒன்று. அதை இரண்டு நிமிட ஒலிக்காக விற்க வேண்டியதில்லை.

மறுதரப்பார் சொல்வதையும் கேட்போம். நாம் கேட்டவற்றுள் முதலாவது, கோப்பின் கனம். ஒலியை உள்ளே வைத்தால் நூல் பெருத்துவிடும் என்கின்றனர். கணக்குப் போட்டுப் பார்த்தோம். பேச்சுக் குரலுக்கு நொடிக்கு 32 கிலோபிட் போதுமானது. அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 240 கிலோபைட். ஒரு மணி நேரத்துக்கு 14.4 மெகாபைட். ஹம்ஸாவையும் சேர்த்து 29 எழுத்துகள். ஒவ்வொன்றையும் ஸபர், ஸேர், பேஷ் மூன்றோடும் ஓதப் பத்து நொடி என்று கொண்டால் மொத்தம் 290 நொடி, 1160 கிலோபைட். பெருநாளன்று நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் வாழ்த்துப் படங்களைக் கூட்டினால் இதைப்போல் பல மடங்கு வரும். கனம் என்பது ஒளிக்காட்சிக்குச் சொல்லத்தக்க காரணம். ஓசைக்குச் சொல்வது சோம்பல்.

இரண்டாவது வாதம், பிழை திருத்தம். ஒலி வெளியே இருந்தால் பிழை கண்டபோது சத்தமின்றி மாற்றிவிடலாமாம். சத்தமின்றி என்பதுதான் நமக்கு அச்சம் தருகிறது. ஸனது என்னும் சங்கிலியைப் பேணி வளர்ந்தது நம் கல்வி. யார் யாரிடம் எதைக் கேட்டார் என்பது அங்கே மாறாதது. நேற்று ஒன்றும் இன்று வேறொன்றும் ஓதும் நூலைப் பற்றி, நான் இதில் இப்படிக் கேட்டேன் என்று மாணவன் எவ்வாறு சாட்சி சொல்வான்? திருத்தம் வேண்டுமானால் இரண்டாம் பதிப்பு என்று சொல்லி, என்ன திருத்தினோம் என்றும் சொல்லி வெளியிடுவதே முறை. விற்ற நூலை விற்றவரே எட்டிப்பார்த்து மாற்றும் வழக்கத்தின் கோலத்தை உலகம் கண்டிருக்கிறது. 2009இல் அமேசான், உரிமை இல்லாதவர் விற்றார் என்பதால், ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்தே அழித்தது; பணத்தைத் திருப்பித் தந்தது; பிறகு மன்னிப்பும் கேட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய நூல்கள் அத்தனையும் திறவாமற்போயின. அங்கும் பணம் திரும்பிற்று. படித்துக்கொண்டிருந்த பக்கம் திரும்பவில்லை.

மூன்றாவது வாதம் மதிக்கத்தக்கது. பிறர் உரிமையுள்ள ஒலியை அனுமதியின்றி உள்ளே வைப்பது தவறு. எனவே சுட்டிக்காட்டுவதோடு நிறுத்துகிறோம் என்கின்றனர். உரிமையை மதிக்கும் எண்ணத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் சுட்டப்படும் காட்சியை ஏற்றியவர் பல வேளைகளில் உரிமையாளரே அல்லர். நாகூர் ஈ.எம்.ஹனீபா 2015இல் மறைந்தார். அவர் பாடல்களைப் பற்றி எழுதுவோர் யாரோ ஓர் அன்பர் ஆர்வத்தால் ஏற்றிய பதிவைச் சுட்டுகின்றனர். உரிமையாளர் முறையிட்டால் அது மறைந்துவிடும். கட்டுரையில் எஞ்சுவது கறுப்புக் கட்டம். நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள். பாடலாசிரியரின் உரிமை அவர் மறைந்தபின் 60 ஆண்டுகள். இக்காலம் கடந்தவற்றை உள்ளே வைக்கத் தடையில்லை. கடவாதவற்றுக்கு ஓர் அஞ்சலெழுதி அனுமதி கேட்கலாம். கிடைக்காவிடில் பாடியவர், எழுதியவர், இசைத்தட்டு வெளியான ஆண்டு, நிறுவனம் ஆகியவற்றை முழுமையாக எழுதிவைக்கலாம். சுட்டி செத்தாலும் தேடுபவர்க்கு அது கைவிளக்காகும்.

வெளியே எதையும் சுட்டவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மேலும் படிக்க விரும்புவோர்க்கு வழிகாட்டுவது வேறு. நூலின் உறுப்பையே வெளியே வைப்பது வேறு. சுட்டி அறுந்தால் பாடம் நிற்கிறதா, வீழ்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். தமிழ்நாட்டரசின் புதிய பாடநூல்கள் 2018 முதல் கியூ.ஆர். குறியீடுகளோடு வருகின்றன, குறியீட்டைத் தொடாமலே பாடத்தைப் படித்து முடிக்கலாம். சுட்டி அங்கே துணை. நம் உச்சரிப்பு நூலில் அதுவே முதல்.

எழுத்துருவையும் மறந்துவிடலாகாது. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் இணையப் பக்கங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கேட்டுநின்ற காலத்தை நடுவயதினர் நினைவுகூர்வர். அது இல்லாத கணினியில் தமிழ் முழுவதும் கேள்விக்குறியும் ஆங்கிலக் கோணலுமாகத் தெரியும். ஈபப்பில் எழுத்துருவையும் வெளியிலிருந்து வரவழைக்க இயலும். அரபுத் தமிழ் நூல்களை மின்னூலாக்க முனைவோர் இதில் மிகவும் விழிப்பாயிருத்தல் வேண்டும். தமிழ் ஓசைகளுக்காக நம் முன்னோர் அரபு எழுத்தில் புள்ளியிட்டு அமைத்துக்கொண்ட வடிவங்கள் எல்லா எழுத்துருவிலும் இல்லை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் நூல் ஒன்றை அப்படி வெளியிட்டு, எழுத்துரு வராத நாளில் அந்த எழுத்துகளின் இடத்தில் வெற்றுக் கட்டங்கள் நின்றால், 1898இல் மறைந்த அப்பெரியாரின் உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை அதுதானா?

காப்பகத்தில் இருக்குமே என்பார் உளர். இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் அரும்பணி ஆற்றிவருவது உண்மை. ஈழத்தவரின் நூலகம் திட்டம் 2005 முதல் செய்துவரும் தொண்டைத் தமிழர் யாவரும் அறிவர். அத்தகைய இடங்களில் நூலின் படியொன்றைச் சேர்ப்பது நம் கடமை. ஆனால் 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு ஆளாகி இன்டர்நெட் ஆர்க்கைவே பல நாள் முடங்கிக் கிடந்தது. காப்பகம் என்பது இரண்டாவது படி இருக்கும் இடம். முதற்படி வாசகரின் கையில் முழுமையாக இருக்க வேண்டும்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்றோம். 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் கல்லாய்க் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940இல் உலகுக்கு அறிவித்தது. அங்கே கடல் இருந்தது, போயிற்று, மரம் கிடக்கிறது. எப்படி உஸ்தாத் மக்காமல் இருந்தது என்று ஒரு சிறுவன் கேட்டான். மண்ணில் புதைந்த மரத்தின் இழைகளுக்குள்ளேயே தாதுப்பொருள் புகுந்து உறைந்துவிட்டது என்று விளக்கினோம். உள்ளேயா என்று மறுபடி கேட்டுக்கொண்டான். இக்கட்டுரையை எழுத வேண்டுமென்று நமக்குத் தோன்றியது அன்றுதான்.

ஊமையான அந்த நூலின் இடத்தில் இப்போது புதியது ஒன்று செய்திருக்கிறோம். பக்கத்துப் பள்ளிவாசலின் இமாம் அவர்கள் ஓதித் தந்தார், கைப்பேசியிலேயே பதிவுசெய்தோம், ஒலி முழுவதும் நூலுக்குள் இருக்கிறது. அரியலூர் நண்பருக்கு ஒரு நினைவட்டையில் போட்டுப் பேருந்தில் கொடுத்தனுப்பினோம். அவர் ஊரில் அந்நூல் பேசுகிறது. ஐன் எழுத்தின் பின்னால் மட்டும் ஓர் ஆட்டின் குரல் மெல்லக் கேட்கிறது. பிள்ளைகள் அதையும் சேர்த்தே ஓதிக் காட்டுவதாக அவர் எழுதியிருக்கிறார். அதை நீக்கிய இரண்டாம் பதிப்பு ரமலானுக்கு முன் வரும். முதற்பதிப்பை வைத்திருப்போரிடமிருந்து அதை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.